பேரரசுகள் கைகுலுக்கிய நாட்கள்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டனுக்காகத் தூதர் ஆர்தர் நிகல்சன், ரஷ்யாவுக்காக வெளியுறவு அமைச்சர் இஸ்வோல்ஸ்கி. பாரசீகத்தின், அதாவது இன்றைய ஈரானின், சுதந்திரத்தையும் எல்லை முழுமையையும் இருவரும் மதிப்பதாகத் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டு, அதே காகிதத்தில் அந்த நாட்டைக் கோடு போட்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். தப்ரீஸ், மஷ்ஹத், இஸ்ஃபஹான், போதாக்குறைக்குத் தலைநகர் தெஹ்ரானும் ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம். கெர்மான், சீஸ்தான், பந்தர் அப்பாஸ் அடங்கிய தென்கிழக்கு பிரிட்டனுக்கு. இடையில் கிடந்தது நடுநிலைப் பகுதி. பாரசீகத்தின் ஷாவிடமோ, ஓராண்டுகூட நிறையாத அதன் நாடாளுமன்றத்திடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐரோப்பியருக்கு அடிமைப்படாத ஆசிய நாடுகளின் பெயர்களைச் சொல்லும்போது சயாம், ஜப்பானோடு பாரசீகத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். சொல்லிவிட்டு, அதன் மன்னர்கள் சாமர்த்தியசாலிகள், ஒருவனை வைத்து இன்னொருவனைத் தள்ளி நிறுத்தினார்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு பங்காளிகள் வழக்காடிக்கொண்டிருக்கும்வரை நடுவிலுள்ள நிலத்துக்கு வேலி விழாது. அவர்கள் ராசியான மறுநாளே எல்லைக்கல் நட்டுவிடுவார்கள். பாரசீகத்தில் நடந்தது அதுதான். பேரரசுகள் முறைத்துக்கொண்டபோது அது மூச்சுவிட்டது. கைகுலுக்கியபோதெல்லாம் அடிவாங்கியது.

கொஞ்சம் பின்னால் போவோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீகத்தை ஒரு குடைக்குக் கீழ் கொண்டுவந்தவர் கஜார் குலத்தின் ஆகா முகம்மது கான். சிறுவயதில் எதிரிகளால் ஆண்மை நீக்கப்பட்டவர், கொடூரத்துக்குப் பெயர்போனவர். தெஹ்ரானைத் தலைநகராக்கியவரும் அவரே. 1795இல் ஜார்ஜியாவின் திபிலிசியைச் சூறையாடினார். 1797இல் தம் பணியாட்களாலேயே கொல்லப்பட்டார். பட்டம் தம்பி மகன் ஃபத் அலி ஷாவுக்குப் போனது. நீண்ட தாடி, நகைகள், நூற்றுக்கணக்கான மனைவியர் என்று ஓவியங்களில் பார்க்க மிக அழகான அரசர்.

அவருடைய அரசவைக்கு 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஒருவர் வந்தார். ஜான் மால்கம். சிறுவனாகச் சென்னையில் வந்திறங்கிக் கம்பெனிப் படையில் வளர்ந்தவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அந்தப் போர்க்களத்தில் இருந்தவர். ஆப்கன் மன்னர் ஜமான் ஷா இந்தியாவின் மீது படையெடுப்பார் என்பது கம்பெனியின் அச்சம். திப்பு அவருக்குத் தூது அனுப்பியதும் கம்பெனிக்குத் தெரியும். ஆகவே ஆப்கனையும் பிரெஞ்சுக்காரரையும் தடுக்கப் பாரசீகத்தோடு 1801இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆனால் ஷாவின் தலைவலி வேறு திசையில் இருந்தது. அதே 1801இல் ரஷ்யா ஜார்ஜியாவை விழுங்கியிருந்தது. 1804இல் போரே மூண்டது. உதவி கேட்டபோது, ரஷ்யா அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது.

ஷா நெப்போலியன் பக்கம் திரும்பினார். 1807 மே மாதம் ஃபிங்கன்ஸ்டைனில் உடன்படிக்கை: ஜார்ஜியா பாரசீகத்துக்கே உரியது என்று நெப்போலியன் ஒப்புக்கொண்டார். ஜூலையில் அதே நெப்போலியன் டில்சிட்டில் ரஷ்யப் பேரரசரைத் தழுவிக்கொண்டார். படையைப் பயிற்றுவிக்கப் புறப்பட்ட பிரெஞ்சுத் தளபதி கார்தான் டிசம்பரில் தெஹ்ரான் வந்து சேர்ந்தபோது, அவர் சுமந்துவந்த நட்புக்கு உயிர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. சரி, மீண்டும் ஆங்கிலேயர். பட்டத்து இளவரசர் அப்பாஸ் மீர்சாவின் படையை ஆங்கில அதிகாரிகள் பழக்கினார்கள். 1812இல் நெப்போலியன் மாஸ்கோவுக்குப் படையெடுக்க, பிரிட்டனும் ரஷ்யாவும் கூட்டாளிகள் ஆயின. பெரும்பாலான ஆங்கில அதிகாரிகள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு குலிஸ்தான் உடன்படிக்கையில் ஜார்ஜியாவும் பாகுவும் போயின. சமரசம் செய்துவைத்தவரும் பிரிட்டிஷ் தூதரே!

1826இல் ஷா மறுபடி போருக்குப் போய்த் தோற்றார். 1828இல் துர்க்மன்சாய் உடன்படிக்கை. எரெவானும் நக்சிவானும் போயின. ஆரஸ் ஆறு எல்லையானது. இரண்டு கோடி வெள்ளி ரூபிள் தண்டம். ரஷ்யக் குடிமக்களைப் பாரசீகச் சட்டம் தொட முடியாது என்றும் எழுதி வாங்கினார்கள். இதற்கெல்லாம் மேலாக எனக்குக் கசப்பாகப் படுவது வேறொரு ஷரத்து. அப்பாஸ் மீர்சாவே அடுத்த வாரிசு என்பதை ரஷ்யா அங்கீகரித்து, அவருக்குத் துணைநிற்க ஒப்புக்கொண்டது. இனி அரியணை ஏறுகிறவன் யார் என்பதில் வெளிநாட்டுக்காரனுக்கும் ஒரு குரல் உண்டு. கஜார் ஷாக்கள் பேரரசர்களுக்கு நடுவே இருந்துகொண்டு தங்களையும் பேரரசர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள், அது தனிக் கதை.

அந்த உடன்படிக்கையை நிறைவேற்ற வந்த ரஷ்யத் தூதர் கிரிபயேதோவ், நாடகாசிரியர். பிடித்துவரப்பட்டு அந்தப்புரங்களில் வைக்கப்பட்ட ஆர்மீனியப் பெண்களுக்கு உடன்படிக்கையின்படி தூதரகத்தில் அடைக்கலம் தந்தார். 1829 பிப்ரவரியில் தெஹ்ரான் மக்கள் திரண்டு தூதரகத்தைத் தாக்கி, அவரையும் உடனிருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரையும் கொன்றார்கள். மன்னிப்புக் கேட்க ஷா தம் பேரன் குஸ்ரவ் மீர்சாவை பீட்டர்ஸ்பர்க் அனுப்பினார். இளவரசர் கொண்டுபோன பரிசுகளில் ஒரு வைரம். இந்தியாவில் எடுத்த கல். அகமதுநகரின் புர்ஹான் நிஜாம் ஷா, தில்லியின் ஷாஜகான், பாரசீகத்தின் ஃபத் அலி ஷா என மூன்று மன்னர்கள் அதில் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். சுமார் 88 காரட். இன்று கிரெம்ளினில் இருக்கிறது. நான்காவது உரிமையாளர் பெயரைப் பொறிக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

வடக்கில் இழந்ததைக் கிழக்கில் ஈடுகட்ட ஷாக்கள் இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள ஹெராத் நகரின் மீது கண்வைத்தார்கள். அது இந்தியாவின் வாசல் என்று கருதிய பிரிட்டன் இருமுறை தடுத்தது. 1856இல் ஹெராத் விழுந்ததும், பம்பாயிலிருந்து படை கிளம்பி புஷேர் துறைமுகத்தைப் பிடித்தது. 1857 மார்ச்சில் பாரிஸில் சமாதானம். ஹெராத் கைவிட்டுப் போனது. நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு கிளைக்கதை உண்டு. பாரசீகப் போருக்கென அனுப்பப்பட்ட மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படை, போர் முடிந்து ஏப்ரலில் சென்னை திரும்பியது. மறுமாதமே வடக்கே கிளர்ச்சியை அடக்க அதை அழைத்துப்போனவர்தான் நீல். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927இல் இங்கே சத்தியாகிரகம் நடந்ததை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹெராத் சண்டை இரண்டு மாதம் நீண்டிருந்தால் 1857 எப்படி முடிந்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

நாசிருத்தீன் ஷாவின் ஆட்சி 1848 முதல் 1896 வரை. அவருக்கு வாய்த்த முதல் பிரதமர் அமீர் கபீர், ஓர் அமைச்சர் வீட்டுச் சமையலரின் மகன். அரசவைச் சம்பளங்களை வெட்டினார், தாருல் ஃபுனூன் என்ற நவீனக் கல்லூரியை எழுப்பினார், எந்தத் தூதரகத்துக்கும் சலாம் போட மறுத்தார். மூன்றே ஆண்டுகள். ராஜமாதாவும் அரசவையும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தார்கள். 1852 ஜனவரியில் காஷான் அருகே ஃபின் தோட்டத்துக் குளியலறையில் நரம்பை வெட்டிக் கொன்றார்கள். ஆணையில் கையெழுத்திட்ட ஷாவின் சொந்தத் தங்கைதான் அவர் மனைவி.

அதற்குப் பிறகு நாட்டைக் குத்தகைக்கு விடும் காலம். 1872இல், செய்தி நிறுவனத்தால் நாம் அறிந்த பாரன் ராய்ட்டருக்கு ரயில் பாதை, சுரங்கம், காடு, கால்வாய், சுங்க வசூல் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் வளங்களை அந்நியரிடம் இவ்வளவு முழுமையாக ஒப்படைத்தது உலகம் காணாதது என்று பின்னாளில் வியந்தவர் கர்சன் பிரபு. அவரே வியந்தார் என்றால் பாருங்கள்! ரஷ்யா உறுமியது, உள்நாட்டிலும் எதிர்ப்பு. மறு ஆண்டே குத்தகை ரத்து. ஈடாக 1889இல் ராய்ட்டருக்கு நோட்டு அச்சிடும் ஏகபோகத்தோடு ஒரு வங்கி கிடைத்தது. ஒருவனுக்கு வங்கி என்றால் அடுத்தவனுக்கும் ஒன்று வேண்டுமே, ரஷ்யாவும் தொடங்கியது. ஷாவின் மெய்க்காப்புக்குக் கோசாக் எனும் ரஷ்யப் பாணிக் குதிரைப்படைப் பிரிவு, தலைமையில் ரஷ்ய அதிகாரிகள்.

ரயில் விஷயம்தான் வேடிக்கை. பிரிட்டன் போட்டால் ரஷ்யாவுக்கு ஆகாது, ரஷ்யா போட்டால் பிரிட்டனுக்கு ஆகாது. 1890இல் பத்தாண்டுகளுக்கு ரயில் பாதையே போடுவதில்லை என்று ஷா ரஷ்யாவுக்கு எழுதிக்கொடுத்தார். இந்தியாவில் ஆயிரக்கணக்கான மைல் ஓடிக்கொண்டிருந்தபோது, அங்கே தெஹ்ரானிலிருந்து பக்கத்திலுள்ள ஷா அப்துல் அஸீம் தர்காவுக்கு ஐந்தாறு மைல் மட்டும் ரயில் ஓடியது.

அதே 1890இல் டால்பட் என்ற ஆங்கில மேஜருக்குப் புகையிலை ஏகபோகம்: ஐம்பது ஆண்டு, வருடத்துக்கு 15,000 பவுண்டு. விளைவிப்பவரும் விற்பவரும் புகைப்பவரும் இனி ஒரே கம்பெனியை நம்பவேண்டும். ஷீராஸ், தப்ரீஸ், இஸ்ஃபஹான் கடைத்தெருக்கள் கொதித்தன. 1891 டிசம்பரில் இன்றைய இராக்கின் சமர்ரா நகரிலிருந்த பெரிய மார்க்கத் தலைவர் மீர்சா ஹசன் ஷீராஸியின் பெயரில் ஒரு ஃபத்வா வந்தது: புகையிலையைத் தொடுவது, கண்ணுக்கு மறைந்து வாழ்வதாக ஷியாக்கள் நம்பும் இமாமுக்கு எதிரான போர். நாடு முழுக்க ஹூக்கா அணைந்தது. அந்தப்புரத்து ராணிகளும் நிறுத்திவிட்டார்கள். தம் சொந்த வீட்டில் ஷாவின் உத்தரவு செல்லவில்லை. குத்தகை ரத்தானது, ஆனால் நஷ்டஈடு ஐந்து லட்சம் பவுண்டு. அதைக் கட்ட ஆங்கிலேய வங்கியிடமே கடன். அந்தக் கடனை அடைக்க 1900இல் ரஷ்யாவிடம் கடன். ஈடு, தெற்குத் துறைமுகங்கள் நீங்கலாக நாட்டின் சுங்க வருமானம். மிச்சத்தில் புதிய ஷா முசாஃபருத்தீன் ஐரோப்பாவுக்குச் சிகிச்சைக்கும் உல்லாசத்துக்கும் போய்வந்தார். 1901இல் டார்சி என்ற ஆங்கிலேயருக்கு எண்ணெய் உரிமம், அறுபதாண்டு. ரஷ்யா முகம் சுளிக்கக்கூடாதென்று வடக்கு மாகாணங்கள் ஐந்தும் விலக்கு.

இப்படிப்பட்ட நாட்டில்தான் 1906 கோடையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், வணிகரும் கைவினைஞரும் மாணவரும், தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் தஞ்சம் புகுந்து, அடுப்பு மூட்டி உண்டு, அரசியல் சட்டம் கேட்டார்கள். ஷா பணிந்தார். மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் கூடியது. அந்த அரசாணையை அழகிய கையெழுத்தில் எழுதிய இளம் எழுத்தரின் பெயர் கவாம். அவரிடம் பின்னால் வருவோம்.

தோட்டம் கொடுத்த பிரிட்டன் ஓராண்டில் ரஷ்யாவோடு கையெழுத்திட்டது. ஜெர்மனியைக் கண்டு இருவருக்கும் பயம், வேறொன்றுமில்லை. 1908 ஜூன் 23இல் புதிய ஷா முகம்மது அலியின் சார்பில் கோசாக் படைத்தலைவர் லியாகோவ் மஜ்லிஸைப் பீரங்கியால் பிளந்தார். தப்ரீஸ் தனியாக எதிர்த்து நின்றது. பாஸ்கர்வில் என்ற அமெரிக்க இளம் ஆசிரியர் அதன் முற்றுகையில் உயிர்விட்டார். மறு ஆண்டு புரட்சிப் படைகள் தெஹ்ரானைப் பிடிக்க, ஷா ரஷ்யத் தூதரகத்துக்குள் ஓடினார். நாட்டின் கஜானாவைச் சீர்செய்ய மஜ்லிஸ் அழைத்த அமெரிக்கர் மார்கன் ஷஸ்டரை விலக்கும்படி 1911இல் ரஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்தது. பிரிட்டன் வாய் திறக்கவில்லை. மஜ்லிஸ் மறுத்தது. மஜ்லிஸே கலைக்கப்பட்டது.

முதல் உலகப் போரில் நடுநிலை அறிவித்த நாட்டில் ரஷ்யரும் துருக்கியரும் ஆங்கிலேயரும் போரிட்டதையும் பஞ்சத்தையும் விரிக்க நேரமில்லை. ரஷ்யப் புரட்சியால் ஒரு பங்காளி விலக, 1919இல் கர்சன் பாரசீகம் முழுவதையும் ஒப்பந்தத்தால் தன் பொறுப்பில் எடுக்கப் பார்த்தார். பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவர் பிரதமர் வொசூக். மக்கள் எதிர்ப்பில் அது செத்தது. 1921இல் கோசாக் படையிலிருந்தே எழுந்த ரேசா கான், 1925இல் கஜார் குலத்தை முடித்துத் தாமே ஷா ஆனார்.

அவர் செய்ததில் ஒன்றைச் சொல்கிறேன். காஸ்பியன் கடலிலிருந்து வளைகுடா வரை ரயில். அந்நியக் கடன் வாங்காமல், தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி போட்டு, 1938இல் முடித்தார். 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்க, லண்டனும் மாஸ்கோவும் மீண்டும் கைகோத்தன. ஆகஸ்ட் 25இல் இரு திசையிலிருந்தும் படைகள் நுழைந்தன. அவர்களுக்கு வேண்டியது அந்த ரயில் பாதைதான். ரேசா ஷா முதலில் மொரிஷியஸுக்கும் பிறகு ஜோகன்னஸ்பர்க்குக்கும் அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார்.

போர் முடிந்து ஆறு மாதத்தில் வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1946 மார்ச்சில் ஆங்கிலேயர் போனார்கள், ஸ்டாலினின் படை போகவில்லை. ஆனால் இப்போது மேற்கும் மாஸ்கோவும் மறுபடி பகை. ஈரான் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. பிரதமர் நாற்காலியில் அந்தக் கவாம், 1919இல் கையெழுத்திட்ட வொசூக்கின் தம்பி. மாஸ்கோ சென்று பேசினார். படை விலகினால் வடக்கில் எண்ணெய் உரிமம் என்றும், அதற்கு மஜ்லிஸின் ஒப்புதல் வேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார். மே மாதம் படை விலகியது. 1947 அக்டோபரில் மஜ்லிஸ் வாக்களித்தது: எதிராக 102, ஆதரவாக 2.