வெளிநாட்டு லைசன்ஸோட திருகோணமலையில கார் இடிபட்டா? இதைப் பார்க்காமல் ரெண்ட் எ கார் எடுக்காதேங்கோ!

[காட்சி: நிலாவெளி வீதி, பின்னேரம். எதிர்ப்பக்கத்தால ஒரு பஸ். ஹெட்லைட் ரெண்டு தரம் மின்னுது.]

இந்த லைட்டுக்கு என்ன அர்த்தம்? லண்டனில இருந்து வந்தவர் "அண்ணை வழி விடுறார், நான் திருப்பலாம்" எண்டு நினைப்பார். எங்கட ஊரில அதுக்கு அர்த்தம், "நான் வாறன், நீ நில்லு!" ஒரே லைட், நேரெதிர்க் கதை. வலப்பக்கம் திருப்பின காரின்ர இடப்பக்கக் கதவு உள்ளுக்குப் போறது இந்த ரெண்டு செக்கனிலதான்.

வணக்கம் மக்கள்! ஆகஸ்ட் வந்தா உப்புவெளியில இருந்து குச்சவெளி மட்டும் வாடகைக் கார்தான். ஓடுறவர் உவர்மலையில பிறந்திருக்கலாம், இந்துக் கல்லூரியில படிச்சிருக்கலாம். ஆனா கையில இருக்கிறது பாரிஸ் லைசன்ஸ் எண்டா, பொலிசுக்கும் இன்சூரன்சுக்கும் அவர் வெளிநாட்டுக்காரர்தான். "எனக்கு ஊர் தெரியும்" எண்ட கதை அங்க எடுபடாது.

லைசன்ஸ் விசயத்தை ஓடி முடிப்பம். சர்வதேச லைசன்ஸ் மட்டும் போதாது. அதை இங்க அங்கீகரிச்சு எடுக்கோணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர தற்காலிக லைசன்ஸ் எடுக்கோணும். 2025 ஆகஸ்டில இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதுக்குக் கவுண்டர் இருக்கு. இது இல்லாமல் இடிச்சா, இன்சூரன்ஸ்காரர் "இல்லை" எண்டு சொல்லுறதுக்கு முதலாவது காரணமே அதுதான்.

சரி, இடிபட்டுது. என்ன செய்யிறது?

நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டாமல் போறது தனிக் குற்றம். டபுள் சிக்னலைப் போடுங்கோ. முக்கோணப் பலகை வாடகைக் காரில அநேகமா இருக்காது. ஆனா எங்கட ஆக்கள் என்ன செய்வினம் தெரியுமோ? பக்கத்தில நிக்கிற மரத்தில ஒரு கொப்பை முறிச்சு, இலையோட பின்னுக்கு வீதியில போடுவினம். இலங்கை முழுக்க லொறிக்காரருக்கு விளங்குற பாஷை அது. ஐம்பது மீற்றராவது தள்ளிப் போடுங்கோ, பம்பரோட ஒட்டிப் போட்டுப் பிரயோசனமில்லை. போகேக்க மறக்காமல் எடுத்து எறியுங்கோ, இல்லாட்டி அடுத்ததா பைக்கில வாறவன் அதில சறுக்குவான்.

ஆருக்கும் காயம் எண்டா 1990க்கு எடுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. பொலிசுக்கு 119. இடத்தைச் சொல்லேக்க "நிலாவெளி ரோட்டில" எண்டு மொட்டையாச் சொல்லாமல், "சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, கடல் பக்கம்" எண்டு சொல்லுங்கோ. ஆள் காயப்பட்டிருந்தா பொலிஸ் வந்து அளவு எடுக்கும்வரை வாகனத்தை அரக்கக் கூடாது. வெறும் நெளிவு எண்டா படத்தை எடுத்துப்போட்டு ஓரம் கட்டலாம்.

படம் எடுக்கிறதிலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. எல்லாரும் நெளிஞ்ச இடத்தைத்தான் பத்துத் தரம் எடுப்பினம். முதல் எடுக்க வேண்டியது தூரத்துப் படம்: இருபது அடி வைச்சுப் பின்னால போய், ரெண்டு வாகனமும் வீதியின்ர நடுக்கோடும் ஒரு கரண்ட் போஸ்டும் ஒண்டா விழுறமாதிரி. பிறகு டயர் எந்தப் பக்கம் திரும்பி நிக்குது, பிரேக் பிடிச்ச தடம், ரெண்டு நம்பர் பிளேட், மற்றவரின்ர கண்ணாடியில ஒட்டியிருக்கிற வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் காட், லைசன்ஸ். நெளிவு கடைசி.

இதுக்கிடையில சனம் கூடியிடும். பாதிப் பேர் உதவி, பாதிப் பேர் நீதவான். "என்ர பிழைதான்" எண்டும் சொல்ல வேண்டாம், "உன்ர பிழை" எண்டு கத்தவும் வேண்டாம். தண்ணி குடுங்கோ, காயத்தைப் பாருங்கோ, வாயைக் குறையுங்கோ.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. வீடியோவைத் தள்ளி ஓட்டாதேங்கோ!

பிரான்சில, ஜெர்மனியில இருக்கிறவைக்கு அந்த நீலமும் மஞ்சளுமான தாள் தெரிஞ்சிருக்கும். ஐரோப்பிய விபத்துப் படிவம். ரெண்டு சாரதியும் போனட்டில வைச்சு, ஒரே தாளைச் சேர்ந்து நிரப்புவினம். நடுவில 17 பெட்டி: "திருப்பிக்கொண்டிருந்தன்", "பின்னுக்கு எடுத்தன்" எண்டு சரி போட்டு, கீழ எத்தினை சரி எண்டு எண்ணியும் எழுதோணும். எந்த மொழியில அச்சடிச்சாலும் பெட்டியின்ர இலக்கம் ஒண்டுதான். அதால போர்த்துக்கல்காரரும் ஜெர்மன்காரரும் ஒரு வார்த்தை கதைக்காமல் நிரப்பலாம். எவ்வளவு அழகான மூளை!

இங்க அந்தத் தாள் இல்லை. இங்க ஆள் வருவார்.

[காட்சி: ஹெல்மெட்டைக் கழட்டிக்கொண்டு ஒருத்தர் பைக்கில இருந்து இறங்குறார்.]

இன்சூரன்ஸ் காட்டில இருக்கிற நம்பருக்கு கோல் எடுத்தா, சேதத்தை மதிப்பிடுற இன்சூரன்ஸ் அசெசர் வீதிக்கே வருவார். அதால அவர் வர முதல் காரை கராஜுக்குக் கொண்டு போகாதேங்கோ, அங்க போனபிறகு உங்கட கதைக்குச் சாட்சி இல்லை. அவர் நெளிவைப் பார்க்க முதல் கார் உடம்பில அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார். பிறகு உயரம்: இடிச்சது ஓட்டோ எண்டா, அதின்ர முன் சில்லு பட்ட இடமும் உங்கட கதவில இருக்கிற தழும்பும் ஒரே மட்டமோ? மற்ற வாகனத்தின்ர பெயின்ற் இதில ஒட்டியிருக்கோ? கீறலுக்குள்ள துருவோ ஊத்தையோ இருந்தா அது பழைய காயம், உங்கட கணக்கில வராது. உடைஞ்ச லைட் துண்டுகளை வீதியில விடாமல் ஒரு ஷொப்பிங் பையில போட்டு வையுங்கோ. அது குப்பையில்லை, சாட்சி. பெரிய துண்டு எதிலயாவது பார்ட் நம்பரும் இருக்கும்.

இங்கதான் எங்கட ஆக்கள் வழுக்குறது. "மச்சானிட்ட உள்ளூர் லைசன்ஸ் இருக்கு, அவர் ஓடினதெண்டு சொல்லுவம்." வேண்டாம்! கூடி நிண்டவன்ர போனில நீங்கள் சாரதிக் கதவால இறங்கிற வீடியோ ஏற்கெனவே இருக்கு. இன்சூரன்சும் போகும், பொலிசுக்குப் பொய் வாக்குமூலம் குடுத்த வழக்கும் வரும், மச்சானும் மாட்டுவார்.

இன்னொரு குழி: மாமாவின்ர கூட்டாளியின்ர காரை நாள் வாடகைக்கு எடுக்கிறது. அந்தக் காருக்கு இருக்கிறது சொந்தப் பாவனை இன்சூரன்ஸ். காசு வாங்கி விட்டா அது செல்லாது. காரை எடுக்க முதல் இன்சூரன்ஸ் காட்டை வாங்கி, வாடகைப் பாவனைக்கோ எண்டு பாருங்கோ. எக்ஸஸ், அதாவது சேதத்தில நீங்கள் கையால கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, டயரும் கண்ணாடியும் சேர்த்தியோ எண்டும் கேளுங்கோ. வெட்கப்படாதேங்கோ, உங்கட காசு.

சின்ன இடைவேளை, மான்கள். ரவுணுக்குள்ள புள்ளிமான் வீதியில திரியிற ஊர் இது. கோட்டையடியில, கடற்கரைப் பக்கம் இரவில மெதுவா ஓடுங்கோ. ஒண்டு பாய்ஞ்சா அடுத்ததும் பின்னால பாயும். அடிபட்டா 1992க்கு எடுங்கோ, அது வனஜீவராசிகள் திணைக்களம். "இறைச்சி வீணாப் போகுது தம்பி, டிக்கியில ஏத்துவம்" எண்டு ஆராவது சொன்னா காது கேக்காதமாதிரி நில்லுங்கோ. பாதுகாக்கப்பட்ட மிருகம், வைச்சிருக்கிறதே குற்றம். ஹபரணைப் பக்கம் யானை எண்டா, இறங்கவே வேண்டாம்.

பொலிஸ். இடிபட்ட இடம் எந்த ஸ்டேசன் எல்லையோ அங்கதான் என்ட்ரி, அதாவது முறைப்பாட்டுப் பதிவு: உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா எண்டு மாறும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதி "சைன் வையுங்கோ" எண்டா, தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்கோ. அரசியலமைப்பின்ர 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தில இருந்து தமிழும் அரச கரும மொழி. வாசிச்சு விளங்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ.

பெரிய காயம், உயிரிழப்பு எண்டா கதை வேற. கைது செய்தா 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிட்ட கொண்டு போகோணும். பாஸ்போட்டை நீதிமன்றம் வாங்கி வைக்கலாம், அப்ப டிக்கெட் திகதிக்கு மதிப்பில்லை. உங்கட தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேக்கிற உரிமை இருக்கு, அது நாடுகளுக்கிடையிலான 1963 வியன்னா ஒப்பந்தத்தில இருக்கு. தூதரகம் வழக்கை வெட்டித் தராது, வக்கீல் பட்டியல் தரும். காரையும் மோட்டார் வாகனப் பரிசோதகர் பிரேக் பார்த்து முடிக்கும்வரை விடாயினம். அது ஸ்டேசன் முத்தத்தில நிக்கிற நாளுக்கும் வாடகை ஓடுதோ? ஒப்பந்தத்தில பாருங்கோ, கனபேர் அதிர்ச்சியாகிறது அந்த வரியிலதான்.

சின்னக் கீறலுக்கு "கதைச்சு முடிப்பம்" எண்டு வந்தா, முடிக்கலாம், ஆனா கடிதம் எழுதி. திகதி, ரெண்டு வாகன நம்பர், குடுத்த தொகை, "இனிக் கோரிக்கை இல்லை" எண்ட வரி, ரெண்டு கையெழுத்து, ஒரு சாட்சி. காயப்பட்டவரோட மட்டும் இப்பிடிச் செய்யவே கூடாது. இண்டைக்கு நடக்கிற கால் நாளைக்கு வீங்கும்.

பிளேனேற முதல் ஸ்டேசனுக்குப் போய் என்ட்ரியின்ர உறுதிப்படுத்தின பிரதிக்கு விண்ணப்பியுங்கோ. உங்கட நாட்டுப் பயண இன்சூரன்ஸ் கேக்கிறது அந்தத் தாளைத்தான், அங்க போய் இருந்துகொண்டு அதை எடுக்கிறதுக்கு மச்சானைத்தான் நாலு தரம் அலையவைக்கோணும்.