பக்கத்து மிஷின் அக்கா: வேலையிடக் காமெடி சிரிக்கவும் வைத்து, கண்ணையும் நனைப்பது எப்படி?

[திரையில்: ஒரு தையல் தொழிற்சாலை. வரிசை வரிசையாக மிஷின்கள். மிஷின் சத்தம் மட்டும்.]

வணக்கம்.

என் அம்மா தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தையல் தொழிற்சாலையில் 22 வருடம் வேலை செய்தார். சாட்ஸ்வொர்த்தில் இருட்டோடு பஸ் ஏற வேண்டும். ஏழரைக்குள் கார்டு பஞ்ச் ஆகிவிட வேண்டும், பிந்தினால் சம்பளத்தில் கை வைப்பார்கள். நாள் முழுக்கச் சட்டைக் காலர். காலர் மட்டும்தான். கைப்பகுதி இன்னொருவர், பொத்தான் துளை வேறொருவர். அத்தனை வருடத்தில் அம்மா அங்கே ஒரு முழுச் சட்டை தைத்ததே இல்லை.

ஆனால் சாயங்காலம் சமையலறையில் அவர் சொல்லும் கதைகளில் காலரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. சூப்பர்வைசர் அன்றைக்கு எப்படிக் கத்தினார், பக்கத்து மிஷின் அக்கா அவரைப் போலவே எப்படி நடித்துக் காட்டினார், அது தெரியாமல் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றபோது வரிசை முழுக்க எப்படி ஒரே நேரத்தில் தலை குனிந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் லானி நாற்காலி மேல் ஏறி நின்று பேசிய பேச்சு வேறு. எங்கள் டர்பன் பேச்சில் முதலாளிக்கு லானி என்று பேர். அப்பாவும் நானும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சில நாள், அதே கதையின் நடுவில் அம்மா சட்டென்று நிறுத்திவிட்டு, ரசம் கொதிக்கிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொள்வார். முகத்தை எங்களிடம் காட்டமாட்டார்.

வேலை செய்யும் இடத்தை வைத்து எடுக்கிற டிவி காமெடி ஏன் சிரிக்க வைக்கிறது, அதே காமெடி ஏன் திடீரென்று தொண்டையை அடைக்க வைக்கிறது? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம். எனக்கு இந்தப் பாடம் முதலில் கிடைத்தது அந்தச் சமையலறையில்.

[திரையில்: இரண்டு மிஷின்கள், நடுவே ஒரு துணிக் கட்டு கைமாறுகிறது.]

குடும்பக் காமெடியில் எல்லாரும் ரத்த சொந்தம். நண்பர்கள் காமெடியில் அவர்களே ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டவர்கள். வேலையிடத்தில் இரண்டும் இல்லை. யாரோ ஒருவர் வேலை கொடுத்தார், இடம் காட்டினார், உட்கார்ந்தாயிற்று. பக்கத்தில் யார் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. சொந்தக்காரரோடு சண்டை என்றால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். பக்கத்து மிஷின்காரரோடு எவ்வளவு பெரிய சண்டை போட்டாலும், மறுநாள் ஏழரைக்கு அவர் தைத்து முடித்த கட்டுதான் உங்கள் கைக்கு வரும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.

நல்ல வேலையிடக் காமெடி எல்லாம் இந்த "வாங்கித்தான் ஆக வேண்டும்" என்பதில் முளைக்கிறது. வெளியே போக முடியாத இடத்தில், ஒத்துப்போகாத மனிதர்கள்.

அதனால்தான் இந்தத் தொடர்களில் விற்கிற சரக்கு பெரும்பாலும் சாதாரணமானதாக இருக்கும். பிபிசியில் 2001இல் வந்த 'தி ஆபீஸ்' தொடரில், ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனி. 2005இல் அமெரிக்காவில் எடுத்தபோது ஸ்க்ரான்டன் என்ற ஊர், அங்கேயும் காகிதம். நம் நாட்டில் அதையே ஆப்பிரிகான்ஸ் மொழியில் 'டி கான்டூர்' என்று எடுத்தார்கள். ஊர் கிளார்க்ஸ்டார்ப், சரக்கு போலோனி, துண்டு போட்டு ரொட்டிக்குள் வைக்கும் தொத்திறைச்சி. இந்த மாற்றத்தைச் செய்தவரைக் கட்டிப்பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தென்னாப்பிரிக்காவில் போலோனி சாப்பிட்டு வளராத பிள்ளை உண்டா? சரக்கு யாருக்கும் கனவு தராததாக இருக்க வேண்டும், ஆனால் எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் நம் கண் சரக்கை விட்டுவிட்டு மனிதர்கள் பக்கம் போகும்.

[திரையில்: மேசைக்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி.]

சரி, இப்போது லானிக்கு வருவோம்.

பிரிட்டிஷ் தொடரில் மேனேஜர் டேவிட் பிரென்ட். ரிக்கி ஜெர்வைஸ் நடித்தார். தன்னை எல்லாரும் நேசிக்க வேண்டும், நல்ல தமாஷ்காரர் என்று சொல்ல வேண்டும் என்று ஏங்குகிற ஆள். அந்த ஏக்கத்தால் அவர் செய்கிற ஒவ்வொன்றும் பார்க்கிற நமக்கே கூச்சமாக இருக்கும். மொத்தம் 12 எபிசோடு, பிறகு 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு சிறப்புப் பகுதி. அவ்வளவுதான். அந்த அளவுக்கு இந்தக் கூச்சத்தைத் தாங்கலாம்.

அமெரிக்கக்காரர்கள் முதல் எபிசோடைக் கிட்டத்தட்ட அதே வசனங்களோடு எடுத்தார்கள். சிரிப்பு சரியாக வரவில்லை. ஸ்டீவ் கரெல் நடித்த மைக்கேல் ஸ்காட் வெறும் எரிச்சலாகத் தெரிந்தார். ஆறே எபிசோடில் முதல் சீசன் முடிந்தது. இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் மைக்கேலை மாற்றினார்கள். முட்டாள்தனம் அப்படியே இருந்தது, அதோடு ஒரு திறமை சேர்ந்தது. ஒரு எபிசோடில் பெரிய வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க மைக்கேல் போகிறார். கூட வந்த மேலதிகாரி ஜான் தலையில் கை வைத்துக்கொள்கிறார். மைக்கேல் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஜோக் சொல்கிறார், கதை பேசுகிறார், வியாபாரப் பேச்சையே எடுக்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகு மெதுவாகத் தங்கள் ஊர்க்காரர் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார். வியாபாரம் முடிந்துவிடுகிறது. அப்போதுதான் நமக்குப் புரிகிறது: இந்த மனிதர் அருமையான விற்பனையாளர். விற்கத் தெரிந்தவரைக் கொண்டுபோய் ஆட்களை மேய்க்க வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் செய்கிற கூத்தில் நமக்குச் சிரிப்போடு பாவமும் வருகிறது. அந்தத் தொடர் 2013 வரை 201 எபிசோடு ஓடியதற்கு இந்த மாற்றம் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவின் சூப்பர்வைசரும் அப்படித்தான். பதினைந்து வருடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர். அவர் வேகத்துக்கு யாரும் இல்லை என்பார் அம்மா. கத்தச் சொல்லி மேலே ஏற்றினார்கள், அவருக்கோ கத்த வரவில்லை. கத்த வராதவர் கத்தினால் எப்படி இருக்கும்? அதைத்தான் பக்கத்து மிஷின் அக்கா நடித்துக் காட்டுவார்.

[திரையில்: பழைய டிவிப் பெட்டி ஒன்று.]

தென்னாப்பிரிக்காவில் டிவி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5. நிறவெறி ஆட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தங்கள் நிகழ்ச்சிகளை இங்கே விற்கக் கூடாது என்று தடுத்திருந்தது. ஆகவே அம்மாவின் தலைமுறை பார்த்து வளர்ந்தது பெரும்பாலும் அமெரிக்கக் காமெடி. ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் சிரிக்கும் சத்தம் வரும். நான் வளர்ந்த பிறகு பிரிட்டிஷ் 'ஆபீஸ்' டிவிடியைப் போட்டுக் காட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "இது காமெடிதானா? யாரும் சிரிக்கவே காணோமே."

அது நல்ல கேள்வி. பின்னணிச் சிரிப்பு இருந்தால், எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். எடுத்துவிட்டால் அந்த முடிவு நம் கையில். கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் காட்டிய 'மாஷ்' தொடரில் (1972 முதல் 1983 வரை வந்தது) சேனல் பின்னணிச் சிரிப்பு வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. தயாரிப்பாளர்கள் ஒன்றை மட்டும் போராடி வாங்கினார்கள்: அறுவை சிகிச்சை அறைக்குள் சிரிப்புச் சத்தம் வராது. அங்கேயும் டாக்டர்கள் ஜோக் அடிப்பார்கள். ஆனால் கத்தி கையில் இருக்கும்போது சிரிப்பதும் சிரிக்காததும் உங்கள் மனசு.

'ஆபீஸ்' தொடரை ஆவணப்படம் போல எடுத்தார்கள். அந்தப் பாணிக்கு இன்னொரு வசதி உண்டு. கேமரா இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அதனிடமிருந்து ஒளியவும் முடியும். பிரிட்டிஷ் தொடரின் இரண்டாம் சீசன் கடைசியில் இதைப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் டிம், ரிசப்ஷனில் இருக்கும் டான் என்ற பெண்ணை நேசிக்கிறார். டான் வேறொருவரோடு அமெரிக்காவுக்குப் போகப் போகிறார். கேமரா முன் உட்கார்ந்து, எல்லாம் முடிந்துபோனது என்கிற மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும் டிம், பாதியில் எழுந்து போகிறார். டானை ஒரு அறைக்குள் கூப்பிடுகிறார். கதவை மூடுகிறார். தன் சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறார்.

[இந்த இடத்தில் ஐந்து நொடி முழு அமைதி.]

இப்படித்தான். சத்தமே இல்லை. கண்ணாடி வழியாக இரண்டு பேர் பேசுவது மட்டும் தெரிகிறது. திரும்பி வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் மறுத்துவிட்டாள் என்று ஒரே வரியில் சொல்கிறார். இரண்டு சீசனாக எல்லாவற்றையும் கேட்டுப் பழகிய நமக்கு, மிக முக்கியமான பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு பாட்டைப் பின்னால் ஓடவிட்டிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

[திரையில்: மஞ்சள் விளக்கில் ஒரு கூடம், காலி நாற்காலிகள்.]

சிரிப்பும் அழுகையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு இன்னும் பழைய உதாரணம் ஒன்று. ஒரு டிவி செய்தி அறையைப் பற்றிய 'மேரி டைலர் மூர் ஷோ'வில் 1975இல் வந்த எபிசோடு. சக்கிள்ஸ் என்ற கோமாளி நிலக்கடலை வேஷத்தில் ஊர்வலம் போகும்போது, யானை அவரை நிஜக் கடலை என்று நினைத்து உரிக்கப் பார்த்ததில் இறந்துபோகிறார். அலுவலகமே அடக்க முடியாமல் சிரிக்கிறது. மேரி மட்டும் எல்லாரையும் கண்டிக்கிறார், ஒரு மனிதர் செத்திருக்கிறார் என்று. அப்புறம் இறுதிச் சடங்கு. மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேரிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அடக்க அடக்கப் பீறிடுகிறது. பாதிரியார் கோபிக்கவில்லை. சிரியுங்கள், சக்கிள்ஸ் அதைத்தான் விரும்பியிருப்பார் என்கிறார். அந்த நொடியில் மேரி உடைந்து அழுகிறார்.

நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலில் கூடாரம், பெரிய பானையில் காய்கறிப் பிரியாணி, மூலையில் மாமாக்கள் இறந்தவரின் சேட்டைகளைச் சொல்லி வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஒருவர் திடீரென்று எழுந்து போய்த் தனியாக நிற்பார். அடைத்து வைத்திருந்ததைச் சிரிப்பு திறந்துவிட்டது. எழுத்தாளர் அந்தக் கதவை எங்கே வைக்கிறார் என்பதுதான் திறமை.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பொருட்கள்.

வேலையிடத்தில் அன்பை நேராகச் சொல்ல முடியாது. வெட்கம், அதோடு ஊர் வாயும் இருக்கிறது. அதனால் அது வேலைக்குச் சம்பந்தமான ஏதோ ஒரு பொருளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அமெரிக்க 'ஆபீஸ்' மூன்றாம் சீசனில், ரிசப்ஷனிஸ்ட் பாம் தன் ஓவியங்களை ஒரு சின்னக் கண்காட்சியில் வைக்கிறார். வருகிறேன் என்றவர்கள் வரவில்லை. வந்த சகஊழியர் ஆஸ்கரும் அவர் துணைவரும் ஓவியத்தில் துணிச்சல் இல்லை என்று பேசிக்கொள்வது பாம் காதில் விழுகிறது. படங்களைக் கழற்றத் தொடங்கும்போது மைக்கேல் ஓடி வருகிறார். அன்று பகலில் ஒரு கல்லூரியில் அவரே அவமானப்பட்டவர். கண்காட்சியில் தங்கள் ஆபீஸ் கட்டிடத்தை வரைந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறார். இதை நான் வாங்கிக்கொள்ளலாமா, ஆபீஸில் மாட்டலாமா என்கிறார். பாம் அவரைக் கட்டிக்கொள்கிறார்.

அந்தப் படம் சுவரில் ஏறுகிறது. வருடக்கணக்கில் நடக்கும் எல்லாக் கூத்துக்கும் பின்னால் அது தொங்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கடைசி எபிசோடில் பாம் அதைச் சுவரிலிருந்து எடுக்கும்போது, நமக்கு ஏன் அழுகை வருகிறது என்று எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடம் அந்தச் சுவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

'அபட் எலிமென்ட்ரி' என்ற தொடரும் இதே வழியில் போகிறது. பிலடெல்பியாவில் பணம் இல்லாத ஓர் ஆரம்பப் பள்ளி. முதல் எபிசோடு முழுக்க ஒரு டீச்சர் தன் வகுப்புக்கு ஒரு தரைவிரிப்பு வாங்க அல்லாடுவதுதான் கதை. எழுதி நடித்த குவின்டா ப்ரன்சனின் அம்மா டீச்சர். வீட்டில் கேட்ட கதைகள் அவருக்கும் இருந்திருக்கும்.

நமக்கும் இருக்கின்றன. டோங்காட் கரும்பாலை, ஜேக்கப்ஸ் தொழிற்சாலைகள், மார்க்கெட்டில் மசாலாக் கடை. தமிழ்ப் பெண்களும் ஜூலுப் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, "அக்கா" என்றும் "சிசி" என்றும் கூப்பிட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் பணம் போட்டு, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சௌ வாங்கிப் பங்கு பிரித்த இடங்கள். இதை வைத்து யாராவது ஒரு தொடர் எழுத வேண்டும் என்று நான் மனசாரக் கேட்கிறேன். எழுதுகிறவருக்கு ஒரு காட்சியை இங்கேயே தருகிறேன்.

[திரையில்: மறுபடியும் தொழிற்சாலை. இந்த முறை பாதி மிஷின்கள் மேல் துணி போர்த்தியிருக்கிறது.]

வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிய, டர்பனில் தையல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. அம்மா வேலை செய்த இடமும் ஆட்களைக் குறைத்தது. கடைசி நாள். லானி பேசினார், யாரும் கேட்கவில்லை. பக்கத்து மிஷின் அக்கா சூப்பர்வைசர் குரலில் ஒரு தடவை கத்திக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை சூப்பர்வைசர் எதிரிலேயே நின்றிருந்தார். அவரும் சிரித்தார். பிறகு வரிசையில் ஒவ்வொருவர் மிஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தார், தினமும் டார்கெட் கேட்க வருவது போலவே. அம்மாவிடம் வந்ததும் நின்றார். அம்மாவின் கைப்பட்டியில் ஒரு நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் நாடாவில் மாட்டியிருந்த சின்ன நூல் கத்தரியை எடுத்து அதை வெட்டிவிட்டார். கத்தரியைக் கழற்றி அம்மாவின் மிஷின் மேல் வைத்துவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார்.

இதை எடுக்கும்போது பின்னணி இசை வேண்டாம். கேமரா இரண்டு வரிசை தள்ளியே இருக்கட்டும். மிஷின் சத்தத்தில் அவர் ஏதாவது சொன்னாரா என்று நமக்குக் கேட்கக் கூடாது. நான் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். ரசம் கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.