பூதவாதி என்றொரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆசிரியை வந்தார். மாசி வெயில். மோர் கொடுத்தோம். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மதம்? "ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா. பேனா நின்றுவிட்டது.

"பேர்லயே சாமி இருக்கே ஐயா?"

"அது எங்க தாத்தா வச்சது."

"அப்ப நாத்திகர்னு போடட்டுமா?"

"அது நீங்க வைக்கிற பேரும்மா. நானா வச்சுக்கலையே."

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இந்துன்னே போட்டுக்கம்மா. சனிக்கிழமை புளியோதரைக்கு இவர்தான் முதல் ஆள்!"

ஆசிரியை சிரித்துவிட்டு, அப்பா சொன்னதையே எழுதிக்கொண்டார். சொல்வதை எழுதுவதுதான் விதி. அந்தக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் ஏறக்குறைய 29 லட்சம். அத்தனை பேருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். 'சொல்லவில்லை' வேறு, 'இல்லை' வேறு.

சரி, நாத்திகர் என்றால் யார்? சாமி கும்பிடாதவர் என்பீர்கள். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் அப்படிச் சொல்லவில்லை. வேதத்தை நிந்திப்பவனே நாஸ்திகன் என்கிறது. கவனியுங்கள், கடவுளை அல்ல, வேதத்தை! அதனால்தான் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லை என்ற சாங்கியம், மீமாம்சை ஆகிய தத்துவப் பிரிவுகளும், வேதத்தை ஏற்றதால், ஆஸ்திகப் பந்தியில் உட்கார்ந்தன. பௌத்தரும் சமணரும் வெளியே நின்றார்கள். அந்தப் பௌத்தர்கள் சும்மா இருந்தார்களா? வினைப்பயனும் மறுபிறப்பும் இல்லை என்றவர்களை அவர்கள் நத்திகவாதிகள் என்றார்கள். ஆக, இது எதிராளி ஒட்டிவிடுகிற சீட்டு.

இங்கே மணிமேகலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்தேழாம் காதை. வஞ்சியில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் வருகிறவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளில் வெறி பிறக்கிற மாதிரி, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் ஆகாது என்கிறான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள் அவள். பௌத்தக் காப்பியம், அவன் தோற்கத்தான் வேண்டும். ஆனால் பெயரைப் பாருங்கள். எதை மறுத்தான் என்று பார்த்து வைத்த பெயரில்லை, எதைச் சொன்னான் என்று பார்த்து வைத்தது. பூதவாதி! எனக்கு இந்தப் பெயர் மேல் தனிப் பிரியம். அப்பாவுக்கும்தான். அந்த ஆசிரியை இதைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

அடடா, நேரம் ஓடிவிட்டது. சட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் குறிப்பெடுத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். புரோகிதரும் தீவலமும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1967இல் அண்ணா அரசு அதைச் செல்லும்படியாக்கியது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? இந்து திருமணச் சட்டத்தில், 7ஏ பிரிவாக! அந்தச் சட்டத்துக்கு முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர் பெரும்பாலும் இந்துதான். சாமி உண்டா என்று அது கேட்பதே இல்லை. அப்பாவின் கல்யாணமும் 7ஏ கல்யாணம்தான். இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.