உப்புத் தண்ணீரில் நெல் முளைக்குமா? பள்ளி மாணவர்களுக்கான ஓர் ஆய்வு

நேயர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தாங்களாகவே ஓர் ஆய்வை எடுத்துச் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் டெல்டாப் பிள்ளைகளிடம் தலைப்பு கேட்டால், "விவசாயத்தில் நீர் மேலாண்மை" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது? பத்து வருடம் ஆனாலும் முடியாது. கேள்வியைச் சுருக்குங்கள். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது. குழியடிச்சான் உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல் என்று பெயர் பெற்றது. ஆடுதுறை 45 குறுவைக்குப் போடும் ரகம். "உப்பு கூடக்கூட இந்த இரண்டில் எது அதிகம் முளைக்கிறது?" இது கேள்வி. இரண்டே வாரத்தில், வீட்டிலேயே பதில் தேடலாம்.

ரகத்துக்கு 400 விதை வேண்டும். ஒரு கைப்பிடி நெல்லே அதிகம். தை மாதம் அறுத்த நெல்லை உடனே போடாதீர்கள். சில ரகங்களில் விதை உறக்கம் இருக்கும், அதாவது அறுத்த பிறகு சில காலம் விதை முளைக்காது; முளைக்காததற்கு உப்பைக் குறை சொல்லிவிடுவோம். மூன்று மாதமாவது ஆகட்டும். சாதாரணத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரை எடுத்துவிடுங்கள்.

உப்புநீர் கரைப்பதில்தான் பலருக்கும் தவறுகிறது. லிட்டருக்கு 3, 6, 9 கிராம் என மூன்று அளவில் உப்புநீர் வேண்டும். 3 கிராம் உப்பை மளிகைக்கடைத் தராசு சரியாகக் காட்டாது. அதனால் 90 கிராம் தூள் உப்பை எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்வரை தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பில் ஈரம் இருக்கும், எடை ஏமாற்றும். இந்தக் கரைசலில் 100 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 9 கிராம். 67 மில்லி எடுத்தால் 6, 33 மில்லி எடுத்தால் 3 கிராம். நான்காவது, உப்பே இல்லாத வெறும் தண்ணீர். இந்த நான்காவதை வீணென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அது இல்லையென்றால் விதையே சொத்தையா, உப்பு கெடுத்ததா என்று சொல்ல வழியே கிடையாது. எல்லாவற்றுக்கும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும்.

மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பர், மேலே 25 விதை. தாள் நன்றாக நனையவேண்டும், விதையைச் சுற்றித் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் 8 முதல் 10 மில்லி விடலாம். எல்லா டப்பாவுக்கும் ஒரே அளவு. ஒவ்வொரு உப்பு அளவுக்கும் ரகத்துக்கு நான்கு டப்பா, ஆக மொத்தம் 32.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தாள் காய்ந்துவிட்டதே என்று உப்புநீரையே திரும்ப ஊற்றினால், 6 கிராம் என்று எழுதிய டப்பாவில் நாலு நாளில் அதைவிடக் கூடியிருக்கும். முதல் நாளே டப்பாவை எடை போட்டுக் குறித்துவையுங்கள். இதற்கு மளிகைக்கடைத் தராசு போதாது, சிறு எடையையும் சரியாகக் காட்டும் தராசு வேண்டும். எடை குறைந்தால் குறைந்த அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள்.

டப்பாக்களில் ரகத்தின் பெயரை எழுதாமல் எண் மட்டும் போட்டு, எந்த எண் எது என்ற தாளை நண்பரிடம் கொடுத்துவையுங்கள். குழியடிச்சான் ஜெயிக்கவேண்டும் என்று மனசு நினைத்தால் கண்ணும் அப்படியே எண்ணும். ஜன்னல் ஓரம் ஒரே ரகம் உட்காராதபடி தினமும் இடம் மாற்றுங்கள். வேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால் முளைத்தது என்று முன்கூட்டியே முடிவு செய்து, 14 நாளும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். பத்தாம் நாள் ஒவ்வொரு டப்பாவிலும் ஐந்து நாற்றின் வேர், தண்டு நீளத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றில்தான் அடி விழும். முளைப்பை மட்டும் எண்ணினால் அது தெரியாமலே போய்விடும்.

உதாரணமாக, ஒரே ரகத்தின், ஒரே உப்பு அளவின் நான்கு டப்பாவில் முளைத்தவை 24, 21, 25, 22 என்று வரும். ஒரே ரகத்துக்குள்ளேயே இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, இரண்டு ரகத்துக்கும் சராசரியில் ஒரு விதை வித்தியாசம் என்றால் அதை வெற்றி என்று எழுதக்கூடாது. "வித்தியாசம் தெரியவில்லை" என்று எழுதுங்கள், அதுவும் நல்ல முடிவுதான். பூஞ்சணம் பிடித்த டப்பாவை நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். தேதியோடு, காரணத்தோடு இருக்கட்டும். இதை வைத்து வயலில் மகசூல் இப்படி வரும் என்றும் சொல்லிவிடாதீர்கள். டப்பாவில் மண் இல்லை.

பள்ளி வழியாகத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள், அந்த ஆண்டின் மையக் கருவையும் வயது வரம்பையும் முதலில் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விதைக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ, பாரம்பரிய நெல் போடும் விவசாயிகளையோ அணுகலாம். வாங்கும்போது எந்தப் பட்டத்தில், எந்த மாதம் அறுத்தது என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.