பெட்ஃபோர்டில் பிறந்த குட்டி எஞ்சின்

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அண்ணன் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் டாக்டர் ஐயா அவர்களே, அவரை நேரத்துக்குக் கிளப்பிக் கூட்டி வந்த அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த பொருளாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தந்ததே பத்து நிமிடம்.

சிம்ப்ளெக்ஸ் என்ற குட்டி ரயில் எஞ்சினைப் பற்றி மூன்று விஷயம்: பிறப்பு, உழைப்பு, அப்புறம் அதன் கியர்பாக்ஸ்.

இங்கிலாந்தில், நம் பெட்ஃபோர்டில் மோட்டார் ரெயில் கம்பெனி செய்த வண்டி இது. முதல் உலகப் போரில் நீராவி எஞ்சினை முன்னணிக்கு விட்டால் புகையை வைத்தே எதிரி குறிபார்ப்பான், அதனால் பெட்ரோல் சிம்ப்ளெக்ஸ் போனது. சிறிய ரகம் 20 குதிரைத்திறன்தான். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

மிஞ்சிய போர்த் தளவாடங்களை வாங்கித்தான் 1919-இல் லெய்ட்டன் பஸ்ஸர்டில் தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி அகலத்தில், மணல் ஏற்றும் ரயில் பாதை போட்டார்கள். பின்னால் சிம்ப்ளெக்ஸிலும் டீசல் வந்தது. முன்னும் பின்னும் பார்க்க வேண்டுமே, டிரைவர் பக்கவாட்டில் உட்கார்ந்து மணல் வண்டிகளை இழுப்பார். மணல் லாரிக்குப் போகத் தொடங்கியதும், தன்னார்வலர்கள் 1968-இல் அதே பாதையில் பயணிகளை ஏற்றினார்கள்.

இப்போது டாக்டர் ஐயா கதை. அந்தக் காலத்து டீசலைக் கைப்பிடி சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் நெம்புகோலை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் வேகமாகச் சுற்ற, வேகம் ஏறியதும் நெம்புகோலை விட வேண்டும். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதீர்கள், எதிர்த்து அடித்தால் எலும்பு போய்விடும் என்றேன். "எலும்பைப் பற்றி எனக்கே பாடமா?" என்று கோட்டைக் கழற்றினார் ஐயா. சுற்றினார், சுற்றினார், எஞ்சின் ஒரு தும்மலோடு சரி. அம்மா கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து, சொன்னபடி பிடித்து, நிதானமாகத் தொடங்கி வேகம் ஏற்றினார். கறுப்பாக ஒரு புகை, அப்புறம் டுக் டுக் டுக்! கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? நான் எஞ்சினைச் சொன்னேன், அம்மா சிரிக்கிறார்கள்.

கியர்பாக்ஸுக்கு நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். விஷயத்துக்கு வருகிறேன். நீராவி எஞ்சின் என்றால் எண்ணெய்த் துணியோடு ஓடி வருகிறோம், டீசல் என்றால் முகம் சுளிக்கிறோம். பெயிண்ட் அடித்து நிறுத்தி வைப்பது பராமரிப்பு ஆகாது. பனிக்கு முன் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடிக்காவிட்டால் அது உறைந்து எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுவிடும், அதற்கு ஒரு வாளியும் அரை மணி நேரமும் போதும், ஆனால் ஆள் வேண்டும். வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வரக்கூடியவர்கள் வடை எடுக்கும் முன் பெயர் எழுதுங்கள். டாக்டர் ஐயா பெயரை அம்மா ஏற்கெனவே எழுதிவிட்டார்.