அக்கா ஏமாளி என்பதால்தான் எல்லோரும் ஏமாற்றுகிறார்களா?

முக்கூடல் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "என் அக்கா பீடி சுற்றுகிறாள். கடையில் ஏமாற்றினார்கள். தீபாவளிச் சீட்டில் பணம் போனது. இப்போது போனில் ஓடிபி கேட்டு மிச்சத்தையும் எடுத்துவிட்டார்கள். ஏமாளி, அவள் குணம் அப்படி என்கிறார்கள் வீட்டில். குணம்தான் காரணமா?"

இல்லைம்மா. ஆனால் இப்படி நினைப்பது உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெஞ்சமின் மெண்டல்சன்கூட, அவர்கள் மேல் எவ்வளவு தப்பு என்று பார்த்துத்தான் வகை பிரித்தார். பிறகு வந்தவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். 1979-இல் கோஹன், பெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பறிக்க நினைக்கிற ஒருவன், கைக்கு எட்டுகிற ஒரு ஆள், ஏனென்று கேட்க நாதியில்லாத நிலைமை. இந்த மூன்றும் கூடினால் போதும்.

அக்காவின் வேலையைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கென்று கொடுக்கிற இலை பல நேரம் பத்தாது, கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், சரியில்லை, கழிவு என்று ஒரு கை அள்ளி வைப்பார்கள். அதற்குக் கூலியும் இல்லை, பீடியும் திரும்பி வராது. சண்டை போட்டால் அடுத்த வாரம் இலை கிடைக்குமா? அவரவர் வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து சுற்றுகிறவர்கள், யாரைச் சேர்த்துக்கொண்டு கேட்பார்கள்? அதனால்தான் பேசாமல் வருகிறார். அதை ஏமாளித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் வீட்டிலும் "உனக்குப் புத்தி எங்கே போச்சு" என்று கேட்டுவிடுகிறோம். பணம் போனதைவிட இதுதான் அதிகம் கெடுக்கிறது. தூக்கம் போகும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார், கல்யாண வீட்டுக்குக்கூடப் போகத் தயங்குவார். அடுத்து ஒருவன் போனில் மிரட்டினாலும், திட்டு விழுமே என்று பயந்து யாரிடமும் கேட்காமல் தானே சமாளிக்கப் பார்ப்பார். ஒருமுறை அடிபட்டவரே மறுபடி அடிபடுவதற்கு இந்த வாய்ப்பூட்டு பெரிய காரணம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. போனில் போன பணத்துக்கு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும். சீட்டுப் பணத்துக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பாளையங்கோட்டையில் இருக்கிறது. பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். சட்ட உதவி எண் 15100-இலும் கேட்கலாம். சீட்டு அட்டை, பணம் கட்டியதை எழுதிய நோட்டு, எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் கூடப் போங்கள். ஆனால் அங்கே நடந்ததை அக்காவே சொல்லட்டும், குறுக்கே பேசாதீர்கள்.