ஒத்தை எழுத்துக்கு 3,50,000 டாலர்! ஸ்பானிஷ் டொமைன் வாங்கிப் போட்டா நமக்கும் லாபமா?

வணக்கம் மக்களே! அமெரிக்காவுல ஓவர்ஸ்டாக்னு ஒரு ஆன்லைன் கடை. 2010-ல 'ஓ டாட் கோ'ங்கிற ஒத்தை எழுத்து டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, அவங்க கொடுத்த விலை 3,50,000 டாலர். அதோட விட்டாங்களா? அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல ஓக்லண்ட் நகரத்து பெரிய மைதானத்துக்கே 'ஓ டாட் கோ கொலிசியம்'னு பேர் வச்சாங்க. ஜனங்க வீட்டுக்குப் போய் என்ன தட்டினாங்க தெரியுமா? 'ஓ டாட் காம்'! அப்படி ஒரு தளமே கிடையாது. வருஷம் முடியறதுக்குள்ள கடை பழைய பேருக்கே ஓடிடுச்சு. மைதானம் மட்டும் பாவம், 2016 வரைக்கும் அந்தப் பேரைச் சுமந்துச்சு.

(திரையில்: கொலம்பியா வரைபடம்)

இந்த 'டாட் கோ' கொலம்பியா நாட்டோட நீட்சி, அதாவது முகவரியோட கடைசியில வர்ற பகுதி. 1991-லேர்ந்து பொகோட்டாவுல இருக்குற லாஸ் ஆண்டஸ் பல்கலைக்கழகம் கவனிச்சுக்கிட்டது, 2010 ஜூலையில உலகத்துக்கே திறந்துவிட்டாங்க. வரலாறு முடிஞ்சுது, தூங்கிடாதீங்க.

இங்கிலீஷ்ல நல்ல பேரெல்லாம் அப்பவே போயிடுச்சு. 'ஈ டாட் கோ' மட்டும் ஏலத்துல 81,000 டாலர். அதனால நிறைய பேருக்கு ஒரு யோசனை: நாடு ஸ்பானிஷ் பேசுது, ஸ்பானிஷ் வார்த்தைகளை 'டாட் கோ'வுல வாங்கிப் போட்டு, பின்னால லாபத்துக்கு வித்தா என்ன? யோசனை தப்பில்ல. ஆனா உடனே மொழிபெயர்ப்புக் கருவியைத் திறந்து, வர்ற முதல் வார்த்தையைப் பதிவு பண்றாங்க பாருங்க, அங்கதான் காசு கரையுது.

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். வீட்டு வாடகைக்கு ஒரு டொமைன் வேணும்னு வைங்க. ஸ்பெயின்ல அது 'அல்கிலேர்'. கொலம்பியாவுல தெருவுல நடந்தா வாசல்ல தொங்குற பலகையில 'சே அரியெண்டா'ன்னுதான் இருக்கும். அவங்க தேடுறது 'அரியெண்டோ'. கார் மாட்ரிட்ல 'கோச்சே', பொகோட்டாவுல 'கார்ரோ'. கோச்சேன்னா கொலம்பியாக்காரருக்கு ஞாபகம் வர்றது குழந்தையைத் தள்ளிட்டுப் போற வண்டி! கம்ப்யூட்டர் ஸ்பெயின்ல 'ஓர்தெனாதோர்', கொலம்பியாவுல 'கொம்புதாதோர்'. வீடு, நிலம் வாங்கி விக்கிறதுக்கு கொலம்பியாவுல 'ஃபின்கா ராயிஸ்'னு சொல்வாங்க. அந்தப் பேர்லயே ஒரு பெரிய தளம் ஓடுது.

இன்னொண்ணு கேளுங்க. 'தின்தோ'ன்னா ஸ்பெயின்ல சிவப்பு ஒயின். கொலம்பியாவுல அது பால் சேர்க்காத காபி! தெருமுனையில ஃபிளாஸ்க்ல வச்சு விப்பாங்க. ஒயின் கடைக்காரர் வருவார்னு அந்த டொமைனோட காத்துக்கிட்டு இருந்தா, வந்து நிக்கிறவர் காபிக்காரரா இருப்பார். அவர்கிட்ட எவ்வளவு பட்ஜெட் இருக்குன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா, தங்கம் அகராதியில கிடைக்காத வார்த்தையிலதான் இருக்கு. உதாரணம் 'சோவாத்'. கொலம்பியாவுல கார், பைக் எதுவா இருந்தாலும் கட்டாயமா எடுக்க வேண்டிய விபத்துக் காப்பீடு அது. இன்சூரன்ஸ் விக்கிறவங்க எல்லாருக்கும் அந்த வார்த்தை சோறு போடுது. மாட்ரிட்ல போய்க் கேட்டா முழிப்பாங்க. இப்படிப்பட்ட வார்த்தையை அங்க இருக்குறவங்க எப்பவோ எடுத்திருப்பாங்க, அது வேற விஷயம்.

இப்ப உங்க ஆசையில கொஞ்சம் தண்ணி தெளிக்கறேன். கொலம்பியாக் கடைக்காரர் பழகினது 'டாட் காம் டாட் கோ'. மெர்காதோ லிப்ரேன்னு லத்தீன் அமெரிக்காவோட பெரிய ஆன்லைன் சந்தை, அதோட கொலம்பியா தளமும் அப்படித்தான். வெறும் 'டாட் கோ'வை வெளிநாட்டு ஸ்டார்ட்-அப்காரங்க கம்பெனிங்கிறதோட சுருக்கமா நினைச்சு வாங்குறாங்க. கூகுளும் அதைக் கொலம்பியாவுக்கு மட்டுமான நீட்சியா எடுத்துக்கறதில்ல, பொது நீட்சியாத்தான் பார்க்குது. அப்போ உங்க ஸ்பானிஷ் வார்த்தைக்கு வாங்கறவர் யார்? ஸ்பானிஷ் தெரியாத ஸ்டார்ட்-அப்காரர் இல்ல. 'டாட் காம் டாட் கோ' கையில இருக்குற உள்ளூர்க்காரரும் அவசரப்பட மாட்டார். இந்த இடுக்குல சிக்குற கூட்டம் ரொம்பச் சின்னது.

பெரிய பிராண்டுப் பேரைத் தொடவே தொடாதீங்க. ஜெனீவாவுல இருக்குற உலக அறிவுசார் சொத்து அமைப்புக்குப் புகார் போகும், டொமைன் போயிடும், போட்ட காசும் வராது.

கணக்கைப் பார்த்துடலாம். முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்த்து மயங்காதீங்க. ரினியூவல், அதாவது வருஷா வருஷம் புதுப்பிக்கற கட்டணம், ஒரு டொமைனுக்கு 30 டாலர்னு வச்சா, 100 டொமைனுக்கு வருஷம் 3,000 டாலர். இந்தத் தொழில்ல இருக்குறவங்க சொல்ற கணக்கு, நூத்துல ஒண்ணு ரெண்டு வித்தாலே நல்ல வருஷம். அப்போ விக்கிற அந்த ஒண்ணு 3,000-க்கு மேல போனாத்தான் கையில ஏதாவது நிக்கும். டொமைன் வித்துக் கொடுக்குற தளத்தோட கமிஷன் தனி.

விலை ஏறாதுன்னும் யாரும் எழுதிக் கொடுக்கல. 2020-ல கொலம்பிய அரசு 'டாட் கோ'வை நடத்துற கம்பெனியோட ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சு, வருமானத்துல தன் பங்கை சுமார் 7 சதவீதத்துலேர்ந்து 81 சதவீதத்துக்கு ஏத்திக்கிச்சு. கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டணும்! அர்ஜென்டினாவைப் பாருங்க: 'டாட் காம் டாட் ஏஆர்' பல வருஷம் இலவசம். 2014-ல கட்டணம் வந்துச்சு, சும்மா குவிச்சு வச்சிருந்தவங்க பாடு திண்டாட்டம்.

நான்னா பத்து டொமைனுக்கு மேல வாங்க மாட்டேன். அதுவும் கொலம்பியாக்காரர் ஒருத்தர்கிட்ட வாய்விட்டுக் கேட்டபிறகுதான்.

அடுத்த வீடியோ மெக்ஸிகோவோட 'டாட் எம்எக்ஸ்'. அங்க வீட்டு வாடகைக்கு ஜனங்க அதிகம் சொல்றது அரியெண்டோவும் இல்ல, அல்கிலேரும் இல்ல, மூணாவதா ஒண்ணு. தெரிஞ்சவங்க கமெண்ட்ல போடுங்க, கூகுள் பண்ணாம!